பாதியில் நின்ற திட்டு

என் நோயை முதலில் கண்டுபிடித்தது என் வாய்தான். தியாகராய நகரில் எங்களுக்கு ஒரு துணிக்கடை. மாடியில் இருக்கும் கல்யாணப் பட்டுப் பிரிவு என் ராஜ்யம். ஒருநாள் படியேறிப் போனால், முகூர்த்தப் புடவைகளை வெயில் படுகிற ஜன்னலோரம் அடுக்கி வைத்திருக்கிறார் என் கணவர். திட்ட ஆரம்பித்தேன். பாதியில் மூச்சு நின்றுவிட்டது. வார்த்தை இருக்கிறது, காற்று இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் எந்தத் திட்டையும் பாதியில் விட்டதில்லை. மனிதர் பயந்துவிட்டார்.

அடையாற்றில் ஒரு இதய மருத்துவரிடம் போனோம். எங்கள் வீட்டில் யாரும் தனியாக எங்கேயும் போவதில்லை. கூடவே கொழுந்தனும் வந்தார். டாக்டரம்மா என் நெஞ்சில் பசை தடவி எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் அதிகமாகத் தெரிகிறது என்றார்.

"எதனாலன்னு பாக்கணும். அடுத்து வி.க்யூ ஸ்கேன் எடுங்க. நுரையீரல்ல காத்து எங்கெல்லாம் போகுது, ரத்தம் எங்கெல்லாம் போகுதுன்னு அதுல தெரியும்."

"இதவிடப் பெருசா ஏதும் இருக்கா டாக்டர்?" என்றார் கொழுந்தன்.

"சி.டி. இருக்கு, எம்.ஆர்.ஐ. இருக்கு. உங்களுக்கு இப்ப வேண்டியது இதுதான்."

வெளியே வந்ததும் கொழுந்தன் தலையை ஆட்டினார். "மொதல்ல எடுத்துப் போடுத சேலைய யாராவது எடுப்பாங்களா மைனி? நல்ல சரக்கு உள்ள இருக்கும். நாமதான் கேட்டு வாங்கணும்."

துணிக்கடைக்காரர் புத்தி! மாட்டேன் என்று சண்டை போட்டிருப்பேன். சண்டைக்கும் மூச்சு வேண்டுமே. அவருக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கி, அசோக் நகரில் சி.டி. எடுத்தோம். பெரிய இயந்திரம். கொழுந்தனுக்கு அதைப் பார்த்ததுமே பாதி திருப்தி. ரத்தக்கட்டி எதுவும் தெரியவில்லை என்று முடிவு வந்தது. அவ்வளவுதான், கடையில் எல்லோருக்கும் அல்வா. டாக்டருக்கும் ஒரு பொட்டலம்.

அந்தம்மா அல்வாவை ஒரு வாய் சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு படங்களைப் பார்த்தார். பிறகு என் கணவரிடம் கேட்டார்.

"உங்க கடைக்குள்ள ஒருத்தர் வந்தா முதல்ல என்ன கேப்பீங்க?"

"என்ன விசேஷம்னு கேப்போம்."

"கேக்காமலே விலை அதிகமான புடவையா எடுத்துப் போடுவீங்களா?"

"அதெப்படி? கல்யாணத்துக்கா, சாவு வீட்டுத் துட்டிக்கான்னு தெரியாண்டாமா?" சொல்லிவிட்டு அவரே தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

சி.டி. நல்ல சோதனைதான் என்றார் டாக்டர். ஆனால் பழைய கட்டிகள் குழாயின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, அதில் கண்ணுக்குத் தப்பிவிடலாம். தான் எழுதிக் கொடுத்த ஸ்கேன் அவற்றைத் தேடுவதற்குத்தான். அதற்கப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார். "கட்டிதான் காரணம்னா நல்லதும்மா. ஆபரேஷன்ல எடுத்துட வாய்ப்பு இருக்கு. அது இல்லைன்னா மருந்து கொடுத்து சமாளிக்கணும். முழுசா சரியாகும்னு சொல்ல முடியாது."

இல்லை என்று அல்வா கொடுத்தோமே, அதுவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. மயிலாப்பூரில் குளத்தைச் சுற்றி ஆட்டோ திரும்பும்போது கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். 'கட்டி இருக்கட்டும் தாயே' என்று இந்த ஊரில் எவளாவது கேட்டிருப்பாளா?

அந்த ஸ்கேனில் ஒரு ஆர்ப்பாட்டமும் இல்லை. முகமூடி வழியாக மூச்சு இழுக்கச் சொன்னார்கள், கையில் ஊசி போட்டார்கள், படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். இதற்கா வந்தோம் என்கிற மாதிரி நின்றார் கொழுந்தன்.

முடிவைக் கேட்க என் கணவர் மட்டும் டாக்டரின் அறைக்குள் போனார். எனக்கு எழுந்து நடக்கத் தெம்பில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தவர் கூடம் அதிரக் கத்தினார்.

"ஏளா, கட்டி இருக்காம்! காத்து போற எடத்துக்கு ரத்தம் போவலயாம். கட்டிதானாம்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொட்டிவாக்கத்து மீன்காரம்மா என் தொடையைத் தட்டினார். "இன்னாமா இது, கட்டி கீதுன்னு சொல்லிக்கினு உன் ஊட்டுக்காரரு சிரிக்கிறாரு?"

சிரிக்கவில்லை, அழுதுகொண்டிருந்தார். குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்க்கிற சோதனை இன்னும் பாக்கி, அதற்கப்புறம்தான் ஆபரேஷன் முடிவாகும் என்று விக்கி விக்கிச் சொன்னார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி திட்டுவதுதான். ஊர் கூட்டிக் கத்துவதற்கு, அண்ணனும் தம்பியும் சேர்ந்து என்னைத் தேவையில்லாமல் அலைய விட்டதற்கு, ஜன்னலோரம் வெளுத்துப்போன பட்டுக்கு என்று வரிசையாக ஆரம்பித்தேன். பாதியில் காற்று தீர்ந்தது.

அவர் காத்திருந்தார். நான் வாயைத் திறந்து மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிச்சத்த ஆபரேஷன் முடிஞ்சு வந்து திட்டு," என்றார். "இருந்து திட்டு, என்ன?"