உள்ளங்கைக் கேசட்டுக்கு ஒரு கேமரா

எங்கள் தொழிலுக்கு வேண்டிய மெஷினை எந்தக் கம்பெனியும் இப்போது செய்வதில்லை. யாராவது பரணைச் சுத்தம் செய்தால்தான் எங்களுக்குப் பிழைப்பு. ஓசூரில் வீட்டிலிருந்தபடியே பழைய கல்யாணக் கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றித் தருகிறேன். அவற்றை ஓட்டுகிற டெக்குகளைப் பழைய எலக்ட்ரானிக்ஸ் கடைகளில்தான் தேடிப் பிடிக்க வேண்டும். இடுப்பில் குழந்தையோடு அந்தக் கடைகளில் ஏறி இறங்கியவர்களுக்கு நான் சொல்வது நன்றாகப் புரியும்.

நுழையாத கேசட்

காவேரிப்பட்டினத்திலிருந்து சரோஜா அக்கா ஒரு கேசட் கொண்டுவந்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். துபாயிலிருந்து கொழுந்தனார் கொண்டுவந்த கேமராவில் எடுத்ததாம். கேமரா அவரோடேயே திரும்பிப் போய்விட்டது. அதை எடுத்த அடுத்த மாதமே அக்காவின் வீட்டுக்காரர் தவறிவிட்டார். அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் திவ்யாவுக்கு வருகிற வெள்ளிக்கிழமை கல்யாணம்.

என் டெக்கில் அது நுழையாது, அதே மாதிரி கேமரா கிடைத்தால்தான் ஓட்ட முடியும் என்றேன். அக்கா கேசட்டைத் திருப்பி வாங்கவில்லை. "போட்டோவுல அவங்கப்பா மூஞ்சிய பாத்துட்டா கண்ணு. கொரலுதான் அவளுக்குத் தெரியாது. தாலி கட்டறதுக்குள்ள ஒருதடவ கேக்க வெச்சுடு."

சிவப்பு லைட்

ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடை. கடைக்கார அண்ணனுக்கு வீட்டில் கன்னடம், கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். கேசட்டைக் காட்டியதும் அப்படியே ஒரு கேமராவை எடுத்து வைத்தார். முதல் கடையிலேயே!

சுவிட்சைத் தட்டினார், சிவப்பு லைட் எரிந்தது. கேசட் போடுகிற கதவு மட்டும் திறக்கவில்லை. தட்டினார், ஊதினார், ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினார். கதவு தனியாகக் கையோடு வந்துவிட்டது. எனக்கு வேண்டாண்ணா என்றேன். அண்ணனுக்கு வந்ததே கோபம். "லைட் எரியுதில்லம்மா, ஆய்த்து! கதவ வெச்சுக்கிட்டு நீ என்ன, வீடா கட்டப் போற?"

யாரோ வீட்டுப் பால்

புதன்கிழமை கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினேன். இரண்டு கடையில் இல்லை. மூன்றாவது கடையில் நான் பேசிக்கொண்டிருந்தபோது என் மகள் மிக்ஸி ஜார்களுக்கு அடியில் தொங்கிய கறுப்பு வாரைப் பிடித்து இழுத்தாள். நாலு ஜார் உருண்டது. வாரோடு கேமரா வந்தது!

சார்ஜர் இல்லை. கூடை நிறையச் சார்ஜர்களைக் கொட்டி, கடைக்கார அம்மாவும் நானும் தரையில் உட்கார்ந்து, எழுதியிருந்த வோல்ட்டைப் படித்துப் படித்து ஒன்றைப் பிடித்தோம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களைக் கடை டிவியில் சொருகி பட்டனை அழுத்தினேன். உள்ளே யாரோ மறந்துவிட்ட கேசட் இருந்திருக்கிறது! டிவியில் ஒரு கிரகப்பிரவேசம், அடுப்பில் பால் பொங்குகிறது, படமும் சத்தமும் அவ்வளவு தெளிவு. நான் போட்ட கூச்சலில் குழந்தை அழுதுவிட்டது. ஃபேனுக்குக் கண்டன்சர் வாங்க வந்த பெரியவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "யாரு ஊட்டு விசேசமோ தெரியல. பந்தி போட்டா ஒரு கொரல் குடும்மா."

கேமராவுக்குப் பின்னால்

அக்காவின் கேசட் என் பையிலேயே இருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேராகக் காவேரிப்பட்டினத்துக்கே போய்விட்டேன். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். டிவியைச் சுற்றிச் சொந்தக்காரக் கூட்டம். எல்லாருக்கும் முன்னால் அக்காவும் திவ்யாவும்.

ஓட்டினால் மாமரம். அப்புறமும் மாமரம். பிறகு இளவயது சரோஜா அக்கா, மடியில் குழந்தை. வீட்டுக்காரரை எங்கேயும் காணோம். அக்காவின் முகம் வாடிப்போனது. "அவருதான் கேமராவ புடிச்சிருந்தாரு. எனக்கு அதுகூட ஞாபகமில்லாம போச்சே" என்றார்.

அப்போதுதான் டிவியிலிருந்து ஓர் ஆண்குரல், கேமராவுக்குப் பின்னாலிருந்து, நல்ல சத்தமாக: "ஏ சரோசா, நவுரு! பாப்பா மூஞ்சிய மறைக்கிற பாரு!" அக்கா டிவிக்கு முன்னாலிருந்து சட்டென்று ஒதுங்கி உட்கார்ந்தார். கூட்டமே சிரித்தது. திவ்யா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "இன்னொருதடவ போடுங்கக்கா, யாரு சொல்லியும் எங்கம்மா நவுந்து நான் பாத்ததே இல்ல!"

நம் தொழிலில் எவ்வளவு தூரம் பின்னால் போகிறோமோ, அவ்வளவுதான் முன்னேற்றம்.