தண்டவாளத்தில் உடைந்த பூசணிக்காய்

காலை 7:42க்குத் தெரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: இன்று நாலு மணிக்கு நம் தெருவில் புது டிராமின் முதல் ஓட்டம்.

டிராம் போனதும் பக்கத்து வீட்டு அண்ணன் சாலை நடுவே, தண்டவாளத்தின் மேல் பூசணிக்காயை உடைத்தார். போன ஆயுத பூஜையன்று தவளக்குப்பத்தில், இப்படி உடைத்த பூசணித் துண்டில் ஸ்கூட்டர் வழுக்கித்தான் என் மனைவி இறந்தாள்.

குனிந்து துண்டுகளைப் பொறுக்கினேன்.

"இன்னாப்பா இன்ஜினியரு, திஷ்டி கழிச்சத கையால தொடுற! டிராம் வழுக்கிடும்னு பயமா?" என்று சிரித்தார் அண்ணன்.

"டிராம் வழுக்காதுண்ணே. பின்னாடி வண்டில வர்றவங்க வழுக்கி விழுவாங்க."

அவர் சிரிப்பு நின்றது. உள்ளே போய் விளக்குமாறு எடுத்துவந்தார்.

தண்டவாளப் பள்ளத்தில் விதைகள் இன்னும் ஒட்டியிருக்கின்றன. வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

திஷ்டி கழித்ததைத் தொட்டால் என்ன ஆகும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள், நாளை படிக்கிறேன். அவள் போன செய்தியை அன்றைக்கும் போனில்தான் சொன்னார்கள். இதைப் போட்டதும் போனை அணைத்துவிடுகிறேன்.