வேனுக்குள் ஒரு கம்பிரசர்

கண்டெய்னர்கள் வந்ததும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களைக் குறைத்தார்கள். என் கணவருக்கும் வேலை போனது. பஞ்சராகி நிற்கும் லோரிகளுக்கு, நின்ற இடத்திலேயே டயர் ஒட்டிக் காற்றடித்துக் கொடுக்கலாம் என்று அவருக்கு ஒரு யோசனை. பழைய வேன் ஒன்றையும், பேட்டரியில் ஓடும் கம்பிரசர் ஒன்றையும் வாங்கினார். தீவில், ஜார்ஜ் டவுனில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே அந்த இரண்டையும் இணைக்க உட்கார்ந்தார்.

முதலில் கம்பிரசர் வயரை வேனில் சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகினார். கம்பிரசர் ஒரு உறுமல் உறுமியது, ஃபியூஸ் போய்விட்டது. அது இழுக்கிற கரண்டை அந்த மெல்லிய வயர் தாங்காது. ஆகவே பேட்டரியிலிருந்தே தடித்த வயர் இழுத்து, பக்கத்தில் பெரிய ஃபியூஸ் வைத்தார். இன்னொரு வயரை வேனின் தரைத்தகட்டில் முடுக்கினார். கம்பிரசர் முனகியதே தவிர சுற்றவில்லை.

"பெயிண்டு தடுக்குது போல. சுரண்டிப் பாக்குறேன்."

பெயிண்ட் உரிந்தது. அதோடு தகடும் உதிர்ந்து, ஓட்டை வழியாகத் தார் ரோடு தெரிந்தது. கடல்காற்று வேனை அடியிலிருந்தே தின்றிருந்தது.

"ஏங்க, வண்டியத் திருப்பிக் குடுத்துரலாமா?" என்றேன்.

"இத யாரு வாங்குவா? ரெண்டு வயரையும் பேட்டரிக்கே கொண்டு போயிருவோம்லா."

அப்படியே செய்தார். கம்பிரசர் ஓடியது. வேனின் சக்கரங்களுக்கெல்லாம் காற்றடித்துக் காட்டிச் சிரித்தார். அந்த மாதிரி அவர் சிரித்து நான் பிறகு பார்த்ததில்லை.

முதல் வேலை கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில். ஃபெர்ரியில் வேனை ஏற்றிக்கொண்டு போனோம். ஒரு தொழிற்சாலை வாசலில் லோரி நின்றது. டயரைச் சுத்தமாக ஒட்டிவிட்டு, வேன் இன்ஜினை ஓடவிட்டுக் காற்றடிக்க ஆரம்பித்தார். லோரி டயர் பெரிது. பாதி நிறைவதற்குள் கம்பிரசரின் சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் வேன் இன்ஜினும் இருமி நின்றது. பேட்டரியில் ஒன்றும் மிச்சமில்லை.

லோரி டிரைவர் தமிழ்ப் பையன்தான். "அண்ணே, சாமான் ஏத்த நேரமாச்சு. கோவிச்சுக்காதீங்கலா, வேற ஆளக் கூப்புடுறேன்," என்றான்.

வேறொரு பட்டறை வண்டி வந்தது. அதில் தனி இன்ஜினே வைத்த பெரிய கம்பிரசர். வந்த சீனர் சட்டென்று காற்றடித்து முடித்தார். பிறகு நாங்கள் கேட்காமலே தன் வண்டியிலிருந்து எங்கள் பேட்டரிக்கும் வயர் கொடுத்து வேனைக் கிளப்பிவிட்டார். என் கணவர் எங்கள் கம்பிரசரின் வயரைச் சுருட்டி வேனுக்குள் வைத்தார்.

திரும்பும்போது ஃபெர்ரியில், "பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்த பெரிய டைனமோ போட்டா ஓடும்," என்றார்.

"ம்," என்றேன்.

டைனமோ பெரிதானாலும் கம்பிரசர் சின்னதுதான். அது எனக்கே தெரிந்தது என்றால் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

மறுமாதம் ஒரு தொழிற்சாலையில் ஜாகாவாக, வாசல் காக்கப் போனார். பழைய இரும்புக்காரர் வேனை இழுத்துப்போக வந்தபோது என் கணவர் பிளாட்டிலிருந்து கீழே இறங்கவில்லை. நான்தான் போய்ச் சாவியைக் கொடுத்தேன்.