கழிக்காத நிலநடுக்கம்

ஸ்பிரிங்வெளிக்குப் போகும் பஸ்ஸில் மடிக்கணினியைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் செல்வி அக்கா.

“என்ன தம்பி அது, கோடு கோடா?”

“வெளிநாட்டு நிலநடுக்கத்தோட பதிவுக்கா. நம்ம மண்ணுக்கு ஏத்ததா தேடி எடுத்தேன். தோட்டத்துல கட்டப்போற ஸ்கூல கம்ப்யூட்டர்ல இதால ஆட்டி, தாங்குமான்னு பார்ப்போம். நம்ம பக்கம் இவ்வளவு பலமா வராது, அதனால அளவ கொறச்சுக்குவோம்.”

அக்காவின் முகம் மாறியது.

“கொழுந்து நிறுக்கையில இலையில இருக்குற தண்ணிக்குன்னு எடையில கழிப்பாங்களே, அப்படியா? எம்மக படிக்கப்போற ஸ்கூலு தம்பி. கழிக்காம ஆட்டுங்க!”

முறைப்படி, குறைத்ததே போதும். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் ஒரு பதிவை முழு அளவில் ஓட்டினேன். சில விரிசல்களோடு கட்டடம் நின்றது.

நாளை அந்த பஸ்ஸில் போகிறவர்கள் அக்காவிடம் சொல்லிவிடுங்கள்: ஒரு கிராம்கூடக் கழிக்கவில்லை.