முகம் தெரிகிற லேப்டாப்

மலையிலிருந்து கண்ணமங்கலம் போக, நான் ஓட்டும் ஜீப்பில் ஏறினார் அந்தப் பெரியவர். காதில் பழைய வெட்டுத் தழும்பு இருந்தது. அதைத் தடவிக்கொண்டேதான் பேசுவார்.

திருவிழாக் கூட்டத்தில் அவர் மகனைக் கட்டையால் அடித்துக் கொன்றார்கள். யாரோ செல்போனில் எடுத்த அந்த வீடியோவை ஊர்க் கூட்டத்தில் காட்ட லேப்டாப் வாங்க வந்திருந்தார். நானும் அவரோடு கம்ப்யூட்டர் கடைக்குள் போனேன்.

முதல் லேப்டாப்பில் கட்டை ஓங்கும்போதெல்லாம் படம் சிக்கியது.

"பெரியவரே, வீடியோவ சிக்காம மெதுவா ஓட்டணும்னா கிராபிக்ஸ் கார்டு வேணும்," என்றார் கடைக்காரர்.

"இன்னா கார்டோ போடு. அடிக்கிறவன் மூஞ்சி தெரியணும்."

அடுத்த லேப்டாப்பில் படம் சிக்காமல் மெதுவாக ஓடியது. மண்டை பிளந்தது. அடித்தவன் திரும்பினான்.

"என் தம்பி," என்றார்.

கடைக்காரர் லேப்டாப்பை மூடப் போனார்.

"மூடாத. இதையே குடு."

திரும்பி வந்து மலையில் ஜீப்பை விட்டு இறங்கும்போது என்னைப் பார்த்தார். "நீயும் பாத்துட்ட. கூட்டத்துல வந்து சொல்லு."

அவர் குரல் நடுங்கவே இல்லை. அது எப்படி என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.