செல்வி அக்காவின் நைனா படம்

டிக்... டிக்... கொஞ்சம் நிறுத்தி, மறுபடி டிக்.

மாமல்லபுரத்தில் நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டுடியோவின் கம்ப்யூட்டர் மூன்று நாளாக அப்படித்தான் சத்தம் போட்டது. ஒரு ஃபோல்டரைத் திறக்க நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரண்டு முறை திரை நீலமாகி நின்றது. பழைய மெஷின்தானே என்று விட்டுவிட்டேன்.

சுனாமி வந்துபோன அடுத்த வருடம் அது.

பக்கத்துக் குப்பத்திலிருந்து செல்வி அக்கா வந்தார். வீட்டிலிருந்த போட்டோ எல்லாம் கடலோடு போய்விட்டது.

"என் பொண்ணு காதுகுத்துக்கு நீங்கதான் போட்டோ புடிச்சீங்க. எங்க நைனா மடியில வச்சிகினு இருப்பாரு. அடுத்த மாசமே பூட்டாரு. அவரு மூஞ்சி வேற எதுலயும் இல்லம்மா."

படம் கம்ப்யூட்டரில் இருந்தது, பேத்தியை மடியில் வைத்திருக்கும் அக்காவின் அப்பா. பெரிதாக்கப் போனேன்... மெஷின் அப்படியே நின்றுவிட்டது.

ஸ்டுடியோ முதலாளி குமரேசன் அண்ணன், "ஃபார்மட் பண்ணா சரியாப்பூடும்," என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வேணாம்ணே. சத்தம் ஹார்டுடிஸ்க்குள்ளேர்ந்து வருது. ஃபார்மட் பண்ணா எல்லாமே பூடும். இனிமே இத ஆன் பண்ணவே கூடாது."

மறுநாள் காலை டிஸ்க்கைக் கழற்றி, துண்டில் சுற்றி, செங்கல்பட்டு பஸ் ஏறினேன். செல்வி அக்காவும் கூடவே வந்தார்.

சர்வீஸ் கடை பாஷா அண்ணன் அதை வேறொரு கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டினார்.

"எல்லாத்தையும் ஒண்ணா இழுக்காத. எது முக்கியமோ அத்த மொதல்ல எடு. எப்ப வேணா நின்னுடும்."

காதுகுத்து ஃபோல்டர். காப்பி ஆவதைக் காட்டும் பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்து, பாதியில் நின்றது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மறுபடி நகர்ந்தது... வந்துவிட்டது.

பிறகு ஏழெட்டு கல்யாணங்களையும் எடுத்தோம். மத்தியானத்துக்குள் டிஸ்க் அடங்கிவிட்டது. மீதி போனது போனதுதான். அன்றிலிருந்து எந்தப் படமானாலும் சிடியில் இரண்டு காப்பி போட்டுவிடுவேன்.

பிரிண்ட் போடும்போது பார்த்தால், நைனா சட்டை பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். சரி பண்ணித் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்மா. அவரு எப்பவும் அப்டித்தான் போட்டுகினு வருவாரு." அக்கா சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

இப்போது கூடுவாஞ்சேரியில் இருக்கிறேன். போனில் எடுப்பதெல்லாம் தானாகவே எங்கோ பத்திரமாகிவிடுகிறது. எண்ண முடியாத அளவு படங்கள். போன வாரம் என் அப்பா படத்தைத் தேடினேன்... நாலுதான். அதிலும் ஒன்றில் முதுகு.

ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுக்க வருகிறேன் என்று போன் பண்ணினேன்.

"இன்னாத்துக்கு இப்ப போட்டோ?" என்றார் அப்பா.

அன்று சாயந்திரமே போய் முடி வெட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். அம்மா சொன்னாள்.