காதுக்குள் சொல்லும் பெயர்

ஒரு பெயரைச் சொல்லப் பயந்திருக்கிறீர்களா? போன செவ்வாய்க்கிழமை நான் பயந்தேன். அதுவும் ஆண்டவருடைய பெயரை!

என் வீட்டுக்காரருக்கு இருதயத்தில் ஒபரேஷன். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

எங்கள் கத்தோலிக்க வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருடைய உயிர் ஆபத்தில் இருந்தால், பக்கத்தில் நிற்பவர் குனிந்து அவருடைய காதுக்குள் மூன்று பெயர்களைச் சொல்ல வேண்டும். சேசு, மரி, சூசை — இயேசுவும் அவருடைய தாயும் வளர்ப்புத் தந்தையும். ஒருவேளை உயிர் போனால், கடைசியாகக் கேட்பது அதுவாக இருக்கட்டும் என்றுதான். என் அப்பாவின் காதில் நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவர் போய்விட்டார்.

ஒபரேஷனுக்கு முதல் நாள் கனடாவிலிருந்து தங்கை ஜெசிந்தா போன் எடுத்தாள். அங்கே இப்போது ஏதோ புதிய சபைக்குப் போகிறாள்.

"அக்கா, ஆண்டவற்றை உண்மையான எபிரேயப் பேர் யெஷுவா. கிரேக்கர் மாத்தி, போத்துக்கேயர் மாத்தி, கடைசியிலை நீங்கள் சேசு எண்டு நிக்கிறியள்."

"அதுக்கென்னடி இப்ப?"

"பிழையான பேரிலை கூப்பிட்டால் ஆர் வருவினம்? அத்தான்ரை உயிர் அக்கா... யோசியுங்கோ."

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். எபிரேயத்துக்கும் கிரேக்கத்துக்கும் எங்கே போவேன்? ஆனால் பயப்படுவதற்குப் படிப்பு வேண்டாமே. இவர் மட்டுமா — அப்பா? நான் சொல்லி அனுப்பியது பிழையான பெயர் என்றால், அப்பா இப்போது எந்தக் கதவடியில் நிற்கிறார்?

மறுநாள் காலையில் இவரைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். ஊசி போட்டதில் அரை மயக்கம். குனிந்தேன். வழக்கமான பெயர் தொண்டை வரைக்கும் வந்தது... நின்றுவிட்டது. அது பிழையான பெயராக இருந்துவிட்டால்?

"யெஷுவா" என்றேன்.

இவர் கண்ணைத் திறந்தார். "ஆரப்பா அது?"

"ஆண்டவர்தான்."

"எங்கடை ஆண்டவரோ?"

"ஓம்... தங்கச்சிதான் அப்பிடிச் சொல்லச் சொன்னவள்."

"உம்மடை தங்கச்சி சொல்லி நான் தேத்தண்ணிக்குச் சீனி போடுறதையே விடேல்லை. ஆண்டவரை விடவோ?"

பகிடி விட்டாரே தவிர, முகத்தில் சிரிப்பு இல்லை. என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"தெரியாத ஆளோடை என்னை அனுப்பாதையும், மேரி."

வண்டி தள்ளுகிற தம்பிக்கு அவசரம். "அம்மா, விலகுங்கோ. உள்ளுக்கை பாத்துக்கொண்டு நிக்கினம்." கை விடுபட்டது. வண்டி நகர்ந்தது. நானும் பின்னால் ஓடினேன். காதுக்குள் மெதுவாகச் சொல்ல வேண்டியதை, வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினேன். "சேசுவே! மரியே! சூசையே!" படுத்திருந்த நோயாளிகள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள், பாவம்.

கதவு மூடிக்கொண்டது. இவருக்குக் கேட்டதா? தெரியாது.

வெளியே இருந்தபடி பங்குத் தந்தைக்குப் போன் எடுத்து, எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"அம்மா, யெஷுவா எண்டதுதான் எபிரேயம். அந்த 'ஷ' ஓசை கிரேக்கத்திலை இல்லை. அதாலை இயேசூஸ் எண்டு எழுதினவை. நற்செய்தியை எழுதினவையே கிரேக்கத்திலைதானே எழுதினவை? கிறிஸ்து எண்டதும் கிரேக்கம். எபிரேயத்திலை மெசியா. ரெண்டும் அபிஷேகம் பெற்றவர் எண்டதுதான். அவையின்ரை ஜெபம் போய்ச் சேர்ந்ததெண்டால் உங்கடையும் சேரும்."

"அப்ப என்ரை அப்பாவும் போய்ச் சேர்ந்திருப்பாரோ, பாதர்?"

"மோட்ச வாசலிலை ஐடென்டிட்டி கார்ட் கேக்கிறேல்லை அம்மா."

மூளைக்கு விளங்கியது. மனத்துக்கு விளங்கவில்லை. கதவு திறக்கும்வரை ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு வெள்ளை உடுப்பையும் கண்டதும் எழும்பினேன், இருந்தேன், எழும்பினேன்...

இவர் பிழைத்துவிட்டார். ஆண்டவருக்குத் தோத்திரம்.

அடுத்த நாள் கதைக்க விட்டதும் முதலில் கேட்டேன். "இஞ்சருங்கோ, நான் பேர் சொன்னது கேட்டதோ?"

"இல்லை."

குனிந்து அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"ஆனால் உம்மடை செருப்புச் சத்தம் கேட்டது. நீர்தான் பின்னாலை ஓடி வாறீர் எண்டு தெரிஞ்சுது."

செருப்புச் சத்தத்திலேயே இந்த மனுஷன் என்னைக் கண்டுபிடிக்கிறார். மேலே இருக்கிறவர் மட்டும் எழுத்துக் கூட்டியா பார்த்துக்கொண்டிருப்பார்?